சேமக்காலைப் படலை

விடுதி கட்ட வந்தவர்கள் ஈச்சந்துறைச் சேமக்காலையைச் சுற்றி முள்ளுக்கம்பி அடித்து முடித்த அன்றைக்கு ஊரில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. ஆனால் மறுநாள் விடிய, அங்கே காலகாலமாய்ப் படுத்திருந்த கல்லறைகள் எல்லாம் எழும்பி, சிலுவையும் சீமெந்தும் சிப்பி பதித்த தலைமாடும் அப்படியே இருக்க, ஒட்டிய மண்ணைக்கூட உதறாமல், தங்கள் தங்கள் வீட்டு வளவுக்குள் வந்து படுத்துக் கிடந்தன.

முதலில் கண்டவள் மாட்டுக்காரி மதலேன். பால் கறக்கச் செம்பும் கையுமாய் வெளியே வந்தவள், பக்கத்து வளவில், சூசைப்பிள்ளையின் வள்ளத்துக்கும் பூவரச மரத்துக்கும் நடுவில், சூசைப்பிள்ளையின் தகப்பன் எமிலியான் தன்னுடைய நீலச்சாயம் பூசிய கல்லறையோடு கிடப்பதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு அலறவில்லை. "சூசை அண்ணை, அப்பு வந்து கிடக்கிறார். எழும்பி வந்து வள்ளத்தைக் கொஞ்சம் தள்ளி விடுங்கோ, கால்மாட்டில இடிக்குது" என்று வேலிக்கு மேலால் குரல் கொடுத்துவிட்டுக் கறக்கக் குந்தினாள். ஆனால் பால் செம்புக்குள் விழாமல் முழங்காலில் விழுந்தது. ஏனென்றால், வேலிக்கு அந்தப் பக்கம் ஒன்று வந்திருக்கிறது என்றால் இந்தப் பக்கமும் ஒன்று வந்திருக்கலாம். அவள் தன் கொட்டிலின் பின்புறத்தை இன்னும் பார்க்கவில்லை.

கறந்து முடித்து, கன்றை அவிழ்த்துவிட்டு, செம்பை மூடிவைத்து, இனிச் செய்வதற்கு வேறு வேலை இல்லை என்று ஆனபிறகுதான் பின்னால் போனாள். காவோலை கிடந்தது. சாணிக் குவியல் கிடந்தது. வேறொன்றும் இல்லை. அப்பாடா என்று மதலேனுக்கு உயிர் வந்தது. அந்த உயிரோடு ஒட்டிக்கொண்டு ஓர் ஆத்திரமும் வந்தது. ஊர் முழுக்க வந்திருக்கும், எனக்கென்று வர ஒன்று இல்லையே என்ற ஆத்திரம். இரண்டையும் ஒரே நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு, பால் கொடுக்கத் தெருவில் இறங்கினாள்.

அவளுக்கு அந்த ஊர் மண்ணில் புதைத்த ஆள் என்று ஒருவரும் கிடையாது. பிறந்தது உள்நாட்டில், காட்டோரம், மாடு வளர்க்கிற ஊரில். நாகம்மா என்ற பெயரோடு பிறந்து, கருவாடு விற்க வந்த பேதுருவின் மீசையை நம்பி ஓடிவந்து, கோயிலில் தலையில் தண்ணீர் வார்த்து மதலேன் ஆனவள். அந்தப் பேதுருவோ சாகவில்லை. கொழும்பில் வேறொருத்தியோடு கொழுத்துப் போயிருக்கிறான், கல்லறைக்கு அவனுக்கு இன்னும் அவசரமில்லை. அவன் விட்டுப்போன ஒரே நல்ல காரியம் மகன் றெக்சன். அந்த மகன் சோளகக் காற்று அடிக்கிற ஒரு காலத்தில் கடலுக்குப் போனான். வள்ளம் திரும்பி வந்தது, வலை வந்தது, அவன் கொண்டுபோன தண்ணீர்ப் போத்தல்கூட வந்தது, அவன் வரவில்லை. வருசம் ஓடியபிறகு ஊர்ப்பெரியவர்கள் வந்து, அவனுடைய உடுப்பை ஒரு பெட்டிக்குள் வைத்துப் புதைத்துவிடலாம், மனம் ஆறும் என்று சொன்னபோது, மதலேன் அவர்கள் கையில் இருந்த சேட்டைப் பறித்துக்கொண்டு, "சேட்டைப் புதைக்கிறதுக்கு, நான் பெத்தது என்ன சேட்டோ?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு ஒருத்தரும் அந்தக் கதையை எடுக்கவில்லை. அடக்காரி என்று முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். அது உண்மைதான், அவளே அதை மறுக்க மாட்டாள்.

கல்லறைகள் வந்ததற்கு ஊர் முதலில் கொஞ்சம் தடுமாறியது. பிறகு, வந்த விருந்தாளியை என்ன செய்வது, இடம் ஒதுக்கிக் கொடுத்தது. திரேசியாவின் மாமியார், உயிரோடிருந்த காலத்தில் எந்த இடத்தில் நின்று கறியில் உப்பில்லை என்று சொல்வாளோ அதே இடத்தில், குசினி வாசலை மறித்துக்கொண்டு கிடந்தாள். "செத்தும் விடுறாளில்லையே மனிசி" என்று திரேசியா தலையில் அடித்துக்கொண்டாள், நாலைந்து நாள் சுற்றிச் சுற்றி நடந்தாள், பிறகு அந்தக் கல்லறையின் உயரம் அம்மிக்குச் சரியாக இருப்பதைக் கண்டு அதன் மேலேயே அம்மியை ஏற்றிவைத்து அரைக்கத் தொடங்கினாள். கறியில் உப்பும் சரியாய் விழத் தொடங்கியது என்று அவள் புருசன் சொன்னான். குடித்தே செத்த வஸ்தியான் வீட்டுக்கு வரவில்லை, கள்ளுத் தவறணை வாசலில் போய்ப் படுத்தான், பெண்சாதி அங்கே போய் நின்று பழைய மாதிரியே ஏசினாள். இரண்டு குடும்பம் வைத்திருந்த யக்கோ, எந்த வீட்டுக்குப் போவது என்று தெரியாமல் ஒழுங்கையின் நடுவில் கிடந்து, ஒருநாள் இந்தப் படலைப் பக்கமும் மறுநாள் அந்தப் படலைப் பக்கமுமாய்ச் சாய்ந்துகொண்டிருக்க, சீவியத்தில் ஒருத்தியோடொருத்தி ஒரு சொல் பேசாத அந்த இரண்டு பெண்களும் அவரின் மேல் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தபடி, அவரைப் பற்றி வாய்க்கு வந்தபடி கதைத்துச் சிரித்தார்கள். பிஞ்சுகளின் கல்லறைகள் சின்னவை. அவை தொட்டில் கட்டிய வளைக்கு நேர்கீழே வந்து கிடந்தன; தாய்மார் பாய் விரித்து, அவற்றின் மேல் ஒரு கையைப் போட்டபடி நித்திரை கொண்டார்கள். அதைப் பற்றி மட்டும் ஊரில் ஒருத்தரும் பகிடி விடவில்லை.

பங்குச் சுவாமி பொனிபாஸ் தீர்த்தச் செம்போடு வீடு வீடாய் வந்து தெளித்தார். "இதுக்குத் திருச்சபையில இடமிருக்கோ எண்டு எனக்குத் தெரியேல்லை, இல்லையெண்டும் தெரியேல்லை" என்றார். கல்லறைகளின் மேல் கருவாடு காய்ந்தது, பிள்ளைகள் இருந்து பாடம் படித்தார்கள், சிலுவைகளில் கொடி கட்டி உடுப்புப் போட்டார்கள். மனிசர் எதற்குத்தான் பழக மாட்டார்கள்!

ஆனால் வீட்டுக்காரர் இல்லாத வீடுகளுக்கும் கல்லறைகள் வந்திருந்தன. சண்டைக் காலத்தில் வெளிக்கிட்டுக் கனடாவுக்கும் பிரான்சுக்கும் போனவர்களின் தாய் தகப்பன்மார், பூட்டிக் கிடந்த படலைகளுக்கு வெளியே, தட்டிவிட்டுக் காத்திருக்கிறவர்களைப்போல, வெயிலில் கிடந்தார்கள்; அத்திவாரம் மட்டும் மிஞ்சிய வீடுகளில், எந்த அறையில் படுத்தார்களோ அந்த அறை இருந்த இடத்தில் போய்ப் படுத்தார்கள், மேலே கூரை இல்லை என்பது அவர்களுக்கு இன்னும் தெரியாது. அவர்களுக்கு மெழுகுதிரி கொளுத்த ஆளில்லை, ஏசுவதற்குக்கூட ஆளில்லை. பால்செம்போடு அந்தப் பக்கம் போன மதலேனுக்கு அது பொறுக்கவில்லை. வாயில்லாச் சீவனுக்குத் தண்ணீர் காட்டாமல் கடந்துபோகக் கூடாது என்று வளர்ந்தவள் அவள். பொழுதுபடுகிற நேரம் வாளியில் தண்ணீர் அள்ளிக்கொண்டுபோய் ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் வார்த்தாள். வார்க்கும்போது பழக்கதோசத்தில், மாட்டைக் கூப்பிடுகிற அதே குரலில், "ஓ... வா... வா... ஓ..." என்று தொண்டைக்குள் இழுத்தாள். வார்த்து முடிய, ஒருத்தரும் கேட்காத நேரம் பார்த்து, "என்ர பொடியனை உங்களில ஆரும் கண்டனீங்களோ?" என்று கேட்டாள். மணல் தண்ணீரைக் குடித்தது, வேறு மறுமொழி இல்லை. மறுமொழி இல்லாதது அவளுக்கு நல்லதாகவும் இருந்தது.

இந்த இடத்தில் சேமக்காலை என்ற சொல்லைப் பற்றி ஒரு கதை சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் பின்னால் நடந்தது விளங்காது. மதலேன் கலியாணம் முடித்து வந்த புதிதில் ஊரில் ஒரு சாவு விழுந்தது. பெட்டி எங்கே போகிறது என்று கேட்டாள். சேமக்காலைக்கு என்றார்கள். புதுப்பெண், ஒப்பாரியின் நடுவில், பல்லெல்லாம் தெரியச் சிரித்துவிட்டாள். "காலை எண்டால் மாடு அடைக்கிற இடமெல்லே! சவத்தை ஏன் காலைக்குள்ள கொண்டு போறியள்?" என்று கேட்டாள். செத்தவீட்டில் சிரித்த பழி இன்றைக்கு வரைக்கும் போகவில்லை, மாட்டுக்காரி என்ற பட்டம் அன்றைக்கு வைத்ததுதான். பாவம், அவர்களும் என்ன செய்வார்கள், அது கடலை உழுது தின்கிற ஊர், மாடென்று ஒன்று இருந்ததில்லை, மாட்டுப்பட்டிக்குக் காலை என்றொரு பெயர் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்குக் காலை என்றால் விடியற்காலை. உயிர்த்தெழுகிற விடியற்காலை வரைக்கும் சேமமாய் வைத்திருக்கிற இடம், அதுதான் சேமக்காலை என்று, ஆத்துமாக்கள் திருநாளில் சுவாமிமார் தலைமுறை தலைமுறையாய்ப் பிரசங்கம் வைத்திருந்தார்கள். சேமம் பண்ணியாச்சு என்றால் புதைத்தாகிவிட்டது என்று அர்த்தம். வைத்த பொருளைப் போல வைத்திருக்கிறோம், எறிந்துவிடவில்லை என்று அர்த்தம். சுவாமி பொனிபாஸ் படித்த மனிசர், அவர் இன்னொன்றும் சொல்வார்: பழைய கிரேக்கப் பாசையில் அந்த இடத்துக்கு நித்திரை கொள்ளுகிற மண்டபம் என்றுதான் பெயராம்.

"நித்திரை கொள்ளட்டும் சுவாமி, விடியவும் விடியட்டும், எனக்கு அதில சண்டை இல்லை" என்பாள் மதலேன். "ஆனா எங்கட பக்கம் காலை எண்டால், பொழுதுபட எல்லாம் வந்து சேருற இடம். அவ்வளவுதான். கடைசி உருப்படி வாறவரைக்கும் படலை கட்ட மாட்டம்."

அவளுடைய தகப்பன் அப்படித்தான். ஒரு மாரியில் இன்னும் கன்று போடாத நாகு ஒன்று காட்டுக்குள் நின்றுவிட்டது என்று, கொட்டுகிற மழையில், நரி ஊளையிட்டுக்கொண்டிருக்க, படலையைக் கட்டாமல் திறந்துவைத்து, தானே படலையாய்க் குறுக்கே குந்தியிருந்தார். உள்ளே நின்ற மாடுகளில் ஒன்றாவது வெளியே போகவில்லை. எல்லாம் வாசலைப் பார்த்தபடி நின்றன.

சரி, கதைக்கு வருவோம். கல்லறைகள் கோபித்துக்கொண்டு எழும்பி வந்ததில் விடுதிக்காரருக்கு நட்டம் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. பழம் நழுவிப் பாலில் விழுந்தது அவர்களுக்கு. விடுதி முகாமையாளர், சிரித்த முகமும் மடிப்புக் குலையாத சேட்டுமாய் ஒரு பொடியன், காணிப் பதிவு பார்க்கிற அரசாங்கக் கந்தோர் ஐயாவை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்து கோயில் முற்றத்தில் இறங்கினான். ஊர்ச்சனம் கூடியது.

"உங்கட பெரியாக்கள் உங்களோடயே வந்து இருக்கிறதைப் பார்க்க எனக்கும் சந்தோசமா இருக்கு" என்றான் முகாமையாளர். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான்.

கந்தோர் ஐயா சுற்றி வளைக்கவில்லை. "கல்லறை இருந்தால்தானே அது மயானம். இப்ப அது வெறும் மணல். வெள்ளிக்கிழமை திரும்பி வந்து பார்ப்பன். அண்டைக்கும் வெறும் மணலெண்டால் காணி கொம்பனிக்கு, கதை முடிஞ்சுது."

ஜீப் போனபிறகு ஊர் ஒன்றும் பெரிதாய்க் கொதிக்கவில்லை, அதுதான் வெட்கம். "எங்களுக்கென்ன, அப்பு வீட்டோட இருக்கிறார், வெள்ளை அடிக்கிறதும் சுகம்" என்றார் சூசைப்பிள்ளை. பிஞ்சைப் பறிகொடுத்த தாய்மார் ஒன்றும் சொல்லவில்லை, அவர்கள் முகத்தைப் பார்த்து வேறொருத்தருக்கும் எதிர்த்துச் சொல்ல மனம் வரவில்லை. கூட்டம் கலையப் பார்த்த நேரத்தில் மதலேன் முன்னால் வந்தாள். சீலைத் தலைப்பை இடுப்பில் இழுத்துச் செருகியிருந்தாள். அவள் அப்படிச் செருகினால் ஊர் கொஞ்சம் பின்னால் போகும்.

"சூசை அண்ணை, உங்கட அப்பு உங்கட முத்தத்தில. திரேசியாக்கா, உங்கட மாமி உங்கட குசினி வாசலில. நல்லம், எனக்கும் சந்தோசம். இப்ப என்னைப் பாருங்கோ. நாளைக்கு என்ர பொடியன் கரை ஒதுங்கினால் நான் அவனை எங்க கொண்டுபோய் வைக்கிறது? விடுதிக்காரன்ர நீச்சல் குளத்துக்குள்ளயோ?"

 திரேசியா மெதுவாய்க் கேட்டாள்: "அவன் செத்திட்டான் எண்டு நீ ஒருநாளும் சொன்னதில்லையே மதலேன்."

"இப்பவும் சொல்லேல்லை" என்றாள் மதலேன்.  "வராத ஒண்டு வந்து சேர ஒரு இடம் வேணும் எண்டு சொல்லுறன். எனக்கு மட்டுமில்லை. நாளைக்கு நீங்களும் சாவியள். உங்கட பேரப்பிள்ளை இந்தக் காணியை வித்துப்போட்டு வெளிநாடு போவான். கல்லறையோட விப்பானோ, கிண்டி எறிஞ்சுபோட்டு விப்பானோ? வாங்குறவன் உங்களைச் சேமமா வைச்சிருப்பானோ? போய் அந்தப் பூட்டின படலைக்கு வெளியால கிடக்கிற சனத்தைப் பாருங்கோ. நான்தான் தண்ணி வாக்கிறன். நான் செத்தால் ஆர் வாக்கிறது?"

சூசைப்பிள்ளை தலையைச் சொறிந்தார். தன் பேரனை நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. அவன் போன கிழமைதான் வளவு என்ன விலை போகும் என்று கேட்டிருந்தான். "அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்றார் ஒரு பெருமூச்சோடு. "திரும்பக் கொண்டுபோய் வைப்பம்."

கொண்டுபோய் வைக்கிறதென்றால் அந்த ஊருக்கு ஒரு வழிதான் தெரியும். மீனோ, வள்ளமோ, கரை தட்டிய மரமோ, எதுவும் இழுத்தால் வரும் என்பது அவர்கள் வேதம். கரைவலைக் கயிற்றை எடுத்துவந்து எமிலியானின் சிலுவையில் சுற்றிக் கட்டி, இளந்தாரிகள் எல்லாம் வரிசை பிடித்து, அம்பாப் பாட்டுப் பாடி, "ஏலோ ஏலேலோ" என்று குதிக்காலை மணலில் குத்தி இழுத்தார்கள். இழுக்க இழுக்க அந்த மனிசன் ஒரு முழம் கீழே போனார். இன்னும் இழுத்தார்கள், இன்னும் கீழே போனார். கடைசியில் கயிறு அறுந்து அத்தனை பேரும் ஒருவர் மேல் ஒருவர் மல்லாக்க விழ, யக்கோவின் பெண்சாதிமார் இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். பிஞ்சுகளின் கல்லறைகளில் கயிறு போட ஒருத்தருக்கும் கை வரவில்லை. வியாழக்கிழமை மத்தியானத்துக்கிடையில் ஊரில் பாதிக் கயிறு அறுந்துபோயிற்று, ஒரு கல்லறைகூட அசையவில்லை.

"அவிழ்த்து விடுங்கோ" என்றாள் மதலேன். "இழுத்தால் மீன் வரும். காலைக்குப் போறது ஒண்டும் இழுத்து வராது. முன்னால நடந்து கூப்பிடவேணும். திரும்பிப் பார்க்கப்படாது, பார்த்தால் நம்பாமல் பாக்கிறாள் எண்டு அங்கயே நிண்டிடும்."

"கூப்பிட்டால் வருமோ?" என்று கேட்டார் சூசைப்பிள்ளை.

"எனக்கென்ன தெரியும். மாடு வரும்."

பொழுது கடலுக்குள் இறங்கத் தொடங்கியபோது, ஊரின் வடக்கு மூலையில், அத்திவாரம் மட்டும் மிஞ்சிய வீடுகளிலிருந்து மதலேன் தொடங்கினாள். வெறுங்கையோடு நடந்தாள். "ஓ... வா... வா... ஓ..." என்று, காட்டோரத்தில் தகப்பன் கூப்பிட்ட குரலில், இந்தக் கடற்கரையில் இதுவரைக்கும் யாரும் முழுசாய்க் கேட்டிராத அந்தக் குரலில், வயிற்றிலிருந்து எடுத்துக் கூப்பிட்டாள். பின்னால் ஒரு சத்தமும் இல்லை.  திரும்பிப் பார்த்துவிடு பார்த்துவிடு என்று கழுத்து கெஞ்சியது. அவள் பார்க்கவில்லை, இன்னும் கொஞ்சம் நடந்தாள், இன்னொருதரம் கூப்பிட்டாள். அப்போது பின்னால் மணல் அரைபடுகிற சத்தம் கேட்டது, சுமை ஏற்றிய வண்டில் ஒன்று பிடரிக்குப் பின்னால் மெல்ல வருகிற மாதிரி. எதிரே நின்ற திரேசியா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். அதில்தான் மதலேனுக்குத் தெரிந்தது, வருகிறார்கள் என்று. அவள் தண்ணீர் வார்த்தவர்கள், ஆளில்லாத வீட்டுக்காரர்கள், அவர்கள்தான் முதலில் வந்தார்கள்.

பிறகு கேட்கவா வேண்டும், முன்மாடு போனால் பின்மாடு நிற்குமோ! எமிலியான் புதைந்த குழியிலிருந்து ஏறி, வள்ளத்தைச் சுற்றிக்கொண்டு வந்தார். திரேசியாவின் மாமியார் அம்மியையும் சுமந்துகொண்டு வந்தாள், அது என்னுடையது என்பதுபோல. யக்கோ ஒழுங்கை நடுவால் நேராக, இந்தப் பக்கமும் சாயாமல் அந்தப் பக்கமும் சாயாமல் வந்தார், இரண்டு பெண்களும் இரண்டு பக்கத்திலும் நடந்தார்கள். கடைசியாய்த் தவறணை வாசலிலிருந்து வஸ்தியான், வளைந்து வளைந்து வந்தான். பிஞ்சுகளின் கல்லறைகள் மட்டும் வாசற்படி வரைக்கும் வந்து நின்றன. தாய்மார் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மதலேன் அந்த வீடுகளுக்கு முன்னால் குரலைத் தாழ்த்தி, மாட்டைக் கூப்பிடுகிற மாதிரி இல்லாமல், பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிட்டாள். கன்றைத் தனிய விட்டு எந்தத் தாய் நிற்கும், அவர்களும் கூட நடந்தார்கள், அழுதுகொண்டுதான் நடந்தார்கள்.

சேமக்காலை வாசலில், முள்ளுக்கம்பிக்கு நடுவில், விடுதிக்காரர் புதிதாய்ப் போட்ட இரும்புக் கதவு பூட்டியிருந்தது. காவலுக்கு நின்ற ஆள், வருகிற ஊர்வலத்தை ஒருதரம் பார்த்துவிட்டு, பூட்டின் திறப்பை மணலில் வைத்துவிட்டுத் தன் வழியே போனான். உள்ளே ஒவ்வொன்றும் பழைய பழைய இடத்தில் போய்ப் படுத்தது. ஆனால் வாசலுக்குக் கிட்ட, முன்பு நெருக்கமாய்க் கிடந்த இடத்தில், எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் ஒதுங்கி, ஓர் ஆள் நீட்டிப் படுக்கிற அளவுக்கு வெறும் மணலை விட்டிருந்தார்கள். யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. மதலேன் அந்த மணலைப் பார்த்தாள், உடனே கண்ணைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு கதவுக்குக் குறுக்கே, நிலத்தில், காலை நீட்டிக் குந்திவிட்டாள். வீட்டுக்கு வா என்று திரேசியா கூப்பிட்டதற்கும் எழும்பவில்லை.

வெள்ளிக்கிழமை ஜீப் வந்தது. கந்தோர் ஐயா கம்பிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தார். சேமக்காலை நிறைந்து கிடந்தது, ஒரு கல்லறையின் மேல் அம்மியும் இருந்தது. "இருக்கினம்தான்" என்றார், வேண்டாவெறுப்பாய்.

முகாமையாளருக்கு முகம் கறுத்தது, ஆனால் சிரிப்பு விழவில்லை. அந்தச் சிரிப்பு அவனுக்கு உத்தியோகத்தோடு கொடுத்தது. "சரி, இருக்கிறவை இருக்கட்டும். நாங்கள் மதில் கட்டிப் பூமரம் வைச்சு வடிவாய்ப் பாப்பம். ஆனா எல்லாரும் வந்து சேர்ந்தாச்சுதானே? இனிப் புதுசா ஒருத்தரும் வேண்டாம். இண்டையோட கதவைப் பூட்டுவம். உங்களுக்கும் நியாயம், எங்களுக்கும் நியாயம்."

"அது நியாயம்தான்" என்றார் கந்தோர் ஐயா.

ஊர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. பூமரம், மதில், வடிவு என்றதும் சிலருக்கு மனம் இளகியதும் உண்மை. சுவாமி பொனிபாஸ்கூட நாடியைத் தடவினார். முகாமையாளர் வந்து கதவில் கை வைத்தான்.

"கையை எடும் தம்பி" என்றாள் மதலேன், இருந்த இடத்திலிருந்து அசையாமல். "இன்னும் ஒண்டு வரேல்லை."

"ஆர் அம்மா வரவேணும்?"

"என்ர மகன்."

"செத்திட்டாரோ?"

"எனக்குத் தெரியாது. உமக்குத் தெரியுமோ?"

"தெரியாட்டி..." அவன் முதன்முறையாய்ச் சிரிப்பை விட்டுவிட்டான். "செத்தாரோ இல்லையோ எண்டே தெரியாத ஒராளுக்கு எதுக்கம்மா மயானம்?"

"மயானம் உங்கட கந்தோரில. இது சேமக்காலை." மதலேன் எழும்பினாள். மணலைத் தட்டவில்லை. "கேளும் தம்பி. அவன் உயிரோட வந்தால் என்ர வீட்டுப் படலை திறந்து கிடக்கு, அவன் போன நாளில இருந்து நான் அதைக் கட்டினதில்லை. மற்ற மாதிரி வந்தால் இந்தப் படலை திறந்து கிடக்கவேணும். ரெண்டில எதால வருவான் எண்டு எனக்குத் தெரியாது. அதனால ரெண்டையும் சாத்த மாட்டன். உம்மையும் சாத்த விடமாட்டன். சாத்தித்தான் ஆகவேணுமெண்டால் என்னை உள்ள வைச்சுச் சாத்தும், அதுக்குப் பிறகு என்ன நடக்குதெண்டு பாப்பம்."

முகாமையாளர் கதவைத் தள்ளினான். கதவு கொஞ்சம் அசைந்து, சூசைப்பிள்ளையின் முழங்காலில் முட்டி நின்றது. அந்த மனிசன் எப்போது வந்து அவளுக்குப் பக்கத்தில் குந்தினார் என்று ஒருத்தரும் காணவில்லை. பிறகு திரேசியா வந்து இருந்தாள். பிஞ்சைப் பறிகொடுத்த தாய்மார் வந்து இருந்தார்கள். யக்கோவின் இரண்டு பெண்சாதிமாரும் தேத்தண்ணிப் போத்தலோடு வந்து, நிரந்தரமாய் இருக்கிற மாதிரிச் சம்மணம் கட்டி இருந்தார்கள். சுவாமி பொனிபாஸ் அங்கியைத் தூக்கிக்கொண்டு, "கொஞ்சம் தள்ளி இரு பிள்ளை" என்று சொல்லி அவரும் இருந்தார். அவர்களுக்குப் பின்னால், உள்ளே, கல்லறைகள் எல்லாம், இத்தனை காலமும் கிழக்கே பார்த்துக் கிடந்தவை, சிலுவையை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டு கிடந்தன. அதைக் கண்ட கந்தோர் ஐயா தொப்பியைக் கையில் எடுத்தார், பிறகு ஜீப்பில் போய் ஏறிக்கொண்டார்.

அந்த மணல் இன்னும் வெறுமையாகத்தான் கிடக்கிறது. பொழுதுபட மதலேன் தண்ணீர் வார்த்து முடிய, வாசலில் நின்று, கடலைப் பார்த்து ஒருதரமும் வீட்டுப் பாதையைப் பார்த்து ஒருதரமும் மகனின் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். அவள் தொண்டை அடைத்துப்போகிற நாட்களில் திரேசியா கூப்பிடுகிறாள், ஊரில் யாராவது கூப்பிடுகிறார்கள். அந்த இரும்புக் கதவைச் சூசைப்பிள்ளை கழற்றிக்கொண்டுபோய்த் தன் மீன்வாடியில் நாலு கல்லின் மேல் படுக்கப் போட்டிருக்கிறார், காற்று நல்லாய்ப் போகுமாம். விடுதிக்காரர் இடைக்கிடை வந்து எங்களுடைய கதவு எங்கே என்று கேட்கிறார்கள். கருவாடு காய்ந்ததும் தருகிறோம் என்று ஊர் சொல்கிறது.